அப்பா மன்னிப்புக் கேட்கட்டும்

மதிப்புக்குரிய அம்மா,

எனக்கு 41 வயது. கொழும்பு வெள்ளவத்தையில் மனைவியோடும் எட்டு வயது மகனோடும் இருக்கிறேன். தினமும் குடிக்கிறேன், இரண்டு தடவை விட்டும் பார்த்தேன், முடியவில்லை. இதற்கெல்லாம் காரணம் என் அப்பா. கொட்டாஞ்சேனையில் நான் சிறுவனாக இருந்தபோது, புத்தகப் பையில் வெறும் போத்தலை வைத்துச் சாராயத் தவறணைக்கு அனுப்புவார். மீதிக் காசு குறைந்தால் இடுப்புப் பட்டியைக் கழற்றுவார். அம்மாவுக்கும் அடி விழும். அவர்தான் இன்று திருநீறு பூசிக்கொண்டு கோயில் சபைத் தலைவர்! ஊரே 'ஐயா' என்கிறது.

நான் அவரைப் போல் இல்லை. ஒருநாளும் கை நீட்டியதில்லை, வேலைக்கு ஒழுங்காகப் போகிறேன். மதுக்கடைகள் பூட்டும் போயா (பௌர்ணமி) நாளுக்கு முதல் நாள் மட்டும் இரண்டு போத்தல் வாங்கி வைப்பேன். மகனும் நல்ல பிள்ளை. என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, கேட்காமலே ஐஸ் தட்டை எடுத்து வைப்பான். மனைவிதான் முறைக்கிறாள். அந்தப் போத்தலைச் சுமந்தது நான்தானே? அப்பா ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேட்டால் குடியை விட்டுவிடுவேன். அவரைக் கேட்க வைப்பது எப்படி?

அன்புள்ள தம்பி,

உங்கள் அப்பா செய்தது கொடுமை. உங்கள் குடியை வெறும் மனவலிமைக் குறைவு என்றும் சொல்லமாட்டேன். சிறுவயதில் நான்கு வகைத் துன்பங்களோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடிநோய், மனச்சோர்வு போன்றவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு அதிகம் என்று 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது.

ஆனால் அந்த ஐஸ் தட்டைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை. எட்டு வயதுப் பிள்ளை இஞ்சின் சத்தத்தை வைத்து அன்றைய இரவைக் கணக்குப் போடுகிறான். நல்ல பிள்ளை என்கிறீர்கள். எனக்குப் பயந்த பிள்ளை தெரிகிறான். அந்த வயதில் நீங்கள் அப்பாவின் செருப்புச் சத்தத்தை எப்படிக் கேட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவர் அனுப்பித்தான் நீங்கள் தவறணைக்குப் போனீர்கள். உங்கள் மகனோ அனுப்பாமலே போகிறான். நான் சொன்ன ஆய்வின் பட்டியலில், குடிக்கு அடிமையானவரோடு ஒரே வீட்டில் வளர்வதும் தனியாக ஒன்று. கை நீட்டவில்லை என்பதால் அது கழிந்துவிடாது.

அப்பாவின் மன்னிப்பு வராமலே போகலாம். வந்தால், அன்று இரவு அதை நினைத்து அழவும் ஒரு போத்தல் தேவைப்படும் என்றே அஞ்சுகிறேன். அந்த நிபந்தனை, குடிக்கு நீங்களே கொடுத்திருக்கும் தவணை.

தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். கொழும்பில் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பின் 'மெல் மெதுர' நிலையம், குடியை விட விரும்புவோருக்கு உதவவென்றே இருக்கிறது. நாளை மாலை மகன் ஐஸ் தட்டைத் தொடும்போது, "இது உன் வேலை இல்லை, அப்பு" என்று சொல்லி, தொலைக்காட்சியை மறுபடி போடச் சொல்லுங்கள்.