எல்விஸ் படங்களை எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம். 'புளூ ஹவாய்' பார்த்துச் சலித்துப்போய், அமெரிக்க ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லிக்கு உண்மையிலேயே நடிக்கத் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவருடைய மற்றப் படங்களை அதற்காகக் கைவிட்டுவிடாதீர்கள். 1958இல் மைக்கேல் கர்டிஸ் இயக்கிய 'கிங் கிரியோல்' படத்தை முதலில் பாருங்கள். ராணுவத்தில் சேர வேண்டிய நாளைத் தள்ளிவைக்க அனுமதி பெற்று அவர் நடித்து முடித்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில், தந்தையின் அடங்கிப்போகும் குணத்தைக் கண்டு குமுறும் நியூ ஆர்லியன்ஸ் இளைஞனின் கோபமும் தவிப்பும், பாடல்கள் முடிந்த பிறகும் நம்மை விட்டு அகல்வதில்லை. அடுத்து, டான் சீகல் இயக்கிய 'ஃபிளேமிங் ஸ்டார்' (1960). அதில் வெள்ளையரான தந்தைக்கும் கயோவா என்ற அமெரிக்கப் பழங்குடி இனத் தாய்க்கும் பிறந்தவராக வருகிறார், பாட்டு மிகக் குறைவு. மறு ஆண்டு 'புளூ ஹவாய்' பெருவெற்றி பெற்றதால், அழகிய ஊர், பெண்கள், பாடல்கள் என்ற அதே வார்ப்பில் படங்கள் தொடர்ந்து வந்தன. நல்ல வேடங்களுக்கு ஏங்கிய நடிகருக்கு அது பெரும் இழப்பு என்றே கருதுகிறேன்.