பித்தளை வில்லையும் சயனைடு மேடும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் தாத்தா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். போன மாதம் மருமகனை அங்கே கூட்டிப் போய் சயனைடு மேட்டையும் பூட்டிக் கிடக்கிற கேட்டையும் காட்டினேன். “இதில் பார்க்க என்ன இருக்கிறது அத்தை?” என்று கேட்டுவிட்டார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?
(குப்பம் வாசகி)

பதில்: மேட்டைக் காட்டியதில் தப்பே இல்லை. நூற்றிருபது வருஷம் கல்லை வெட்டி மேலே கொண்டுவந்து, மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய சக்கைதான் அது. சுமார் 800 டன் தங்கம் வெளியே போயிற்று, சக்கை மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. சினிமாக்காரர்கள் அதன்மேல் ஏறிப் பாட்டு எடுத்துக்கொண்டு போவார்கள், காற்றடிக்கிற மாசத்தில் பக்கத்து லைன்காரர்கள் (லைன் என்பது சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு வரிசை) கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் தூசியோடு சோறு தின்பார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் மருமகன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்.

நானாக இருந்தால் முதலில் லைனுக்குத்தான் கூட்டிப் போயிருப்பேன். 1880-ல் ஜான் டெய்லர் என்ற இங்கிலாந்துக் கம்பெனி வந்தபோது, தாது வருஷப் பஞ்சத்தின் ரணம் இன்னும் ஆறாத வட ஆற்காடு, சித்தூர் கிராமங்களிலிருந்து சனங்கள் வந்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் ஊரில் சேரிக்கு வெளியே கால் வைக்க முடியாமல் இருந்தவர்கள். கம்பெனி கொடுத்தது மூங்கில் தட்டி வீடு, குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அதற்குள்ளிருந்துதான் பள்ளிக்கூடமும் சங்கமும் பஜனையும் பௌத்தமும் வந்தன. சாதிக்கு எதிராகவும் பௌத்தத்துக்காகவும் எழுதிய அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பின் நின்றுபோயிற்று, அதை 1926-ல் மறுபடி அச்சுக்குக் கொண்டுவந்த ஊர் எது தெரியுமா? உங்கள் தாத்தாவின் சாம்பியன் ரீஃப். நிலத்துக்கடியில் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் காசு போட்டு வாங்கிப் படித்த பத்திரிகை! அதே ஆட்கள்தான் 1930-ல் கைரேகை பதிய மாட்டோம் என்று வேலையை நிறுத்தினார்கள். இது எதற்கும் அங்கே ஒரு போர்டு இல்லை, அதனால் மருமகனைக் குறை சொல்லவும் முடியாது.

அப்புறம், பாட்டி இருந்தால் ‘பர்ஸ்ட்’ பற்றிக் கேளுங்கள். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. அழுத்தம் தாங்காமல் கீழே பாறை வெடித்தால் மேலே லைன் வீட்டில் அலமாரிப் பாத்திரம் உருளும். பாத்திரம் உருண்டால் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்ட் வாசலுக்கு, அதாவது சுரங்கத்துக்குள் இறங்குகிற குழியின் வாசலுக்கு, ஓடுவார்கள், ஆட்களை ஏற்றி வருகிற கூண்டு மேலே வரும்வரை யாரும் பேச மாட்டார்கள் என்று என் அத்தை சொல்லியிருக்கிறார்.

கேள்வி: ஜெர்மனியில் மூடிய நிலக்கரிச் சுரங்கத்தையெல்லாம் பாரம்பரியச் சின்னமாக்கி டிக்கெட் போடுகிறார்களாம். நமக்கு அந்தப் புத்தி ஏன் வரவில்லை?
(வி.கோட்டா வாசகர்)

பதில்: எஸ்ஸன் நகரத்து ஸோல்ஃபெராயின் சுரங்கத்தைச் சொல்கிறீர்கள். 1986-ல் மூடினார்கள், 2001-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தங்கவயலில் கடைசி ஷிப்ட் முடிந்ததும் அதே 2001-ல்தான், இந்தப் பொருத்தம் எனக்கு எப்போதும் உறுத்தும். அங்கே நிலக்கரி கழுவிய கட்டடம் இப்போது அந்த வட்டாரத்தின் மியூசியம்.

ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. பம்பை நிறுத்தியதும் நம் சுரங்கங்களில் தண்ணீர் ஏறிவிட்டது, கீழே யாரையும் கூட்டிப் போக வழியில்லை. என் பயம் வேறு. நாளைக்கு யாராவது பாரம்பரியம் என்று கிளம்பினால் துரை பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம் இவற்றுக்கு வெள்ளையடித்து, ‘குட்டி இங்கிலாந்து’ என்று எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். ஒரே ஒரு லைன் வீட்டை, தட்டியும் தகரமுமாக, உள்ளே ஒரு அடுப்போடு நிறுத்தி வைத்தால் போதும், பங்களா எப்படியோ போகட்டும். விடியற்காலை மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிற ஆயிரக்கணக்கான பேரில் ஒருவருக்காவது தங்கவயலிலேயே வேலை கிடைக்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: பெங்களூருக்கு முன்பே கோலாரில் கரண்ட் வந்ததாமே, கதையா?
(பலமனேர் வாசகர்)

பதில்: கதை இல்லை. காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 1902-ல் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது, பெங்களூர்த் தெருவிளக்கு எரிந்தது 1905-ல். ஆனால் வந்தது சுரங்க மெஷின்களுக்காக, லைன் வீட்டுக்காக இல்லை.

கேள்வி: ஆந்திரா பக்கத்தில் தங்கம் எடுத்ததே இல்லையா?
(இன்னொரு குப்பம் வாசகர்)

பதில்: குப்பத்திலேயே உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே சார்! பிசாநத்தம், சிகரகுண்டா இரண்டும் உங்கள் பக்கத்துச் சுரங்கங்கள். அந்தத் தங்கப் பாறைக்கு மாநில எல்லையெல்லாம் தெரியாது.

கேள்வி: அப்பாவின் சுரங்க டோக்கன், நம்பர் போட்ட பித்தளை வில்லை, வீட்டில் இருக்கிறது. பழைய பொருள் வாங்குகிறவர் நல்ல விலை தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
(ராபர்ட்சன்பேட்டை வாசகி)

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு நோட்டை எடுத்து, அந்த நம்பர் எந்த ஷாஃப்ட்டுக்கு உரியது, எந்த லைனில் எத்தனையாவது வீடு, பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள், அப்பாவுக்கு எப்போது இருமல் ஆரம்பித்தது, எல்லாவற்றையும் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். அம்மா பேசுவதை போனில் பதிவு செய்தால் இன்னும் நல்லது. தங்கவயல் தமிழ் காகிதத்தில் பாதிதான் வரும். நான் சொல்வது பட்டறிந்து சொல்வது. என் மாமாவின் வில்லையை, உடைந்த குத்துவிளக்கோடு சேர்த்துப் பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டு ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினோம். அந்த டம்ளரில்தான் இன்றைக்கும் காலைக் காபி.