நோட்ஸ் (தாளில் எழுதும் இசைக்குறிப்பு) படிக்கத் தெரியாத கியூபாப் பாடகர் பெனி மோரே எப்படி மாம்போ என்ற நடன இசைக்கான குழுவை நடத்தினார்?

வாயாலேயே நடத்தினார். எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டுமோ அதைப் பாடிக் காட்டுவார். பியானோக்காரர் கப்ரேரீத்தாவும் டிராம்போன்காரர் ஹெனரோசோ ஹிமேனெஸும் தாளில் எழுதிக்கொள்வார்கள். நீங்களும் பாடகராக இருந்து, ‘அப்போ நானும் நோட்ஸ் கற்க வேண்டியதில்லை’ என்ற முடிவோடு கேட்டிருந்தால், கொஞ்சம் பொறுங்கள்.

1919இல் கியூபாவின் சாந்தா இசபெல் தெ லாஸ் லாஹாஸில், பதினெட்டுப் பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர் மோரே. 1936இல் ஹவானா போய் அடிபட்ட பழமும் மூலிகையும் விற்றார். ஆறு மாதத்தில் ஊர் திரும்பி, தம்பியோடு கரும்பு வெட்டிய காசில்தான் உருப்படியான முதல் கிட்டார் வாங்கினார். 1940இல் மறுபடி ஹவானா. மதுக்கடைகளில் பாடித் தொப்பி நீட்டிய காலம். சி.எம்.கியூ. வானொலிப் போட்டியில் முதல் முறை வாயைத் திறந்ததுமே மணியடித்து அனுப்பிவிட்டார்கள். பிறகு அதே போட்டியில் முதல் பரிசு வாங்கினார். ‘பிறவி ஞானம், அவ்வளவுதான்’ என்பவர்கள் அந்த மணியை மறந்துவிடுகிறார்கள்.

திருப்பம் 1945. மத்தமோரோஸ் குழுவோடு மெக்சிகோ போனவர், அவர்கள் ஊர் திரும்பியபோது அங்கேயே தங்கிவிட்டார். அதுவரை அவர் பாடியது சிறிய குழுக்களில். மெக்சிகோவில் ஆர்.சி.ஏ. விக்டர் இசைத்தட்டு நிறுவனத்தின் பதிவுகளுக்காக மாம்போ குழுத் தலைவர் பெரெஸ் பிராதோவின் குழுவோடும் ரஃபாயெல் தெ பாஸின் குழுவோடும் பாடினார். சாக்ஸபோன் வரிசை ஒரு பக்கம், டிரம்பெட் வரிசை ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே எங்கே நுழைவது, எங்கே விடுவது என்பதைக் காதால் படித்தார். அவருக்குப் பள்ளிக்கூடம் அதுதான்.

அங்கே என்ன படிக்க வேண்டியிருந்தது? முதலில் கிளாவே, அதாவது பாட்டு முழுவதும் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைத் தாள அமைப்பு. இரண்டு பார்களை (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) பதினாறாக எண்ணினால் 1, 4, 7, 11, 13இல் அடி விழும். ஒரு பாரில் மூன்று, அடுத்ததில் இரண்டு. மெட்டு எந்தப் பக்கத்தில் தொடங்குகிறதோ அதற்கே வாத்தியங்களும் பொருந்த வேண்டும். நடுவில் ஒரு பார் கூடினாலோ குறைந்தாலோ பக்கம் மாறிவிடும். தனித்தனியே கேட்டால் எல்லாம் சரியாகவே இருக்கும். சேர்த்து வாசித்தால் நொண்டும்.

அடுத்தது மோந்துனோ. பாடகர் கற்பனையாகப் பாட, கோரஸ் பதில் சொல்லும் பகுதி. இத்தனை சுற்று என்ற கணக்கு தாளில் இருக்காது, சைகை வந்தால்தான் டிரம்பெட், டிராம்போன் போன்ற பித்தளை வாத்தியங்கள் நுழைய வேண்டும். சைகை பிந்தினால் பாடகர் தலைமேலேயே வந்து விழும். மோரே கை, தோள், கால் என்று உடம்பு முழுவதையும் காட்டி நடத்தியது பார்ப்பவர்களுக்கு ஆட்டம், குழுவுக்கோ அது கட்டளை.

எழுதுவது வேறு வித்தை. பாடியதை டிரம்பெட்டுக்கு இரண்டு அரைச்சுரமும் ஆல்டோ சாக்ஸுக்கு ஒன்பது அரைச்சுரமும் ஏற்றி எழுதினால்தான் எல்லாம் ஒரே சுருதியில் ஒலிக்கும். இதை மோரே செய்யவில்லை, செய்ய ஆள் வைத்திருந்தார். உங்களிடம் அப்படி இருவர் இருந்தால் நோட்ஸ் வேண்டாம். இல்லையென்றால் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள்.

சொந்தக் குழு தொடங்கியதற்குப் பின்னால் ஒரு கசப்பு உண்டு. கியூபா திரும்பி எர்னெஸ்தோ துவார்த்தேயின் குழுவில் பாடியபோது, சில நிகழ்ச்சிகளுக்குத் தன்னைக் கூட்டிப்போகாததற்குக் காரணம் தன் கறுப்பு நிறம் என்று தெரிந்ததும் விலகினார். 1953 ஆகஸ்டு 3 அன்று அவருடைய சொந்தக் குழுவான பண்டா ஹிகாந்தே சி.எம்.கியூ.வில் முதல் முறை வாசித்தது.

பிராதோவோடு பாடியதையும் இந்தக் குழுவோடு பாடியதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முன்னதில் பித்தளை விட்ட இடத்தில் இவர் பாடுகிறார், பின்னதில் இவர் விட்ட இடத்தில் பித்தளை நுழைகிறது. ஆனால் தேடி எடுப்பது பெரும்பாடு. இணையத்தில் மலிந்த தொகுப்புகளில் பாதிக்கு ஆண்டும் இல்லை, எந்தக் குழு என்றும் இல்லை. அட்டையில் மோரே தொப்பியும் கைத்தடியும் வைத்த படத்தைப் போட்டுவிட்டு, உள்ளே மெக்சிகோ பதிவையும் ஹவானா பதிவையும் கலந்து கொட்டிவைத்திருக்கிறார்கள்.