சென்னை–டர்பன்: எட்டரை மணி என்பது ஏட்டுக் கணக்கு

அன்புள்ள தம்பி, சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரப் பயணம், வாடகையும் சம்பளமும் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையையும் சம்பளத்தையும் உங்களுக்கு வேலை கொடுத்தவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பயணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். அதில் பட்டவன் நான்.

வானில் நேராகப் பறந்தால் ஏறத்தாழ 7,100 கிலோமீட்டர். எட்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம். ஆனால் நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாக வந்தால், வடமேற்கே 2,900 கிலோமீட்டர் போய், அங்கிருந்து தெற்கே 6,600 கிலோமீட்டர் இறங்க வேண்டும். பறக்கும் நேரமே பதின்மூன்று மணியை நெருங்கிவிடும். காத்திருப்பு அதற்கு மேல். பயணச்சீட்டில் உள்ள நேரங்களைக் கழித்துப் பார்த்து ஏமாற வேண்டாம். இங்கே கடிகாரம் இந்தியாவைவிட மூன்றரை மணி பின்தங்கியிருப்பதால், அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கட்டணம் குறைவு என்று ஜோகன்னஸ்பர்க் வழியாக வருபவர்களுக்குத்தான் என் எச்சரிக்கை. அங்கிருந்து டர்பனுக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் நாட்டுக்குள் முதலில் இறங்கும் இடம் என்பதால், குடியேற்றச் சோதனையை முடித்து, பெட்டிகளை நீங்களே எடுத்து, சுங்கம் கடந்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். 2008இல் இது தெரியாமல், இடையில் ஒன்றேகால் மணி நேரம் போதும் என்று பதிவு செய்திருந்தேன். எல்லோருடைய பெட்டிகளும் வந்த பிறகு, மாவடு எண்ணெய் கசிந்து ஒரு பக்கம் முழுதும் சிவந்த என் பெட்டி தனியாகச் சுற்றி வந்தது. அதற்குள் டர்பன் விமானம் போய்விட்டது. இரவு முழுவதும் நாற்காலியில் பெட்டிமேல் காலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஜோகன்னஸ்பர்க்கில் குடியேறிய நம்மவர்கள் ‘ஒரு மணி நேரம் தாராளம்’ என்பார்கள். அவர்கள் மேற்கொண்டு விமானம் பிடிக்க வேண்டியதில்லையே! குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.

அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாக வந்து, அங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். கிண்டி கிங் நிலையத்தில் அந்த ஊசி போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும்.

அன்று மறுநாள் காலை விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வர்த் பகுதியைச் சேர்ந்த ஒரு பாட்டி இருந்தார். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, தம் முன்னோர் கப்பலில் வந்ததை ஆங்கிலத்தில் சொன்னார். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இங்கே ஏற்றிவந்த முதல் கப்பலான ‘ட்ரூரோ’ 1860 அக்டோபர் 12 அன்று சென்னையில் புறப்பட்டு நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது, முப்பத்தைந்து நாள். அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. புதிதாக வரும் நம்மவர்களில் சிலர், அந்தப் பாட்டியைப் போல இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று ஏளனம் பேசுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தவரே அந்தப் பாட்டிதான்.

ஒன்று மறந்துவிட்டேன். கறிவேப்பிலை கொண்டுவர வேண்டாம். சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், இங்கே என் கொல்லையில் மரமாகவே நிற்கிறது.