பாட்டுக்கார அக்காவிடம் கேளுங்கள்

சேலத்தில் சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, மேடையில் பாடிப் பிழைக்கிறேன். தொழிலைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். சினிமா வாய்ப்பு மட்டும் வேண்டாம்.

ஓமலூர் தம்பி: அக்கா, முதலில் வரியா, மெட்டா?

பதில்: வரி. மெட்டு ஸ்கூட்டரில் போகும்போது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஏற்காடு அண்ணன்: எங்கள் ஊர் மேடையில் பறைச் சத்தம் அமுங்கிவிடுகிறதே?

பதில்: 1,500 மீட்டர் உயரம், மூடுபனி. தோல் ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும். மேடைக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்தி அனல் காட்டுங்கள். இரண்டு பறை இருந்தால் நல்லது: ஒன்று அடிக்க, ஒன்று காய. ஃபைபர் தோலுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது.

ஆத்தூர் தங்கை: பாட்டி பாடும் நடவுப் பாட்டை என் பெயரில் வெளியிடலாமா?

பதில்: பாடி வெளியிடலாம். ஒலிப்பதிவு உங்களுடையது, அதற்கு 60 ஆண்டு உரிமை உண்டு. பாட்டு உங்களுடையது அல்ல. 'பாடல், இசை: நான்' என்று யூடியூபில் ஏற்றி உரிமை கோரினால், நாளைக்கு அதே பாட்டைப் பாடும் பக்கத்து ஊர்ப் பெண்ணின் வீடியோ மாட்டிக்கொள்ளும். 'மரபுப் பாடல்' என்று போட்டு, யாரிடம், எந்த ஊரில் கேட்டது என்றும் எழுதுங்கள்.

மேட்டூர் தம்பி: பாட்டி சொந்தமாக வரி சேர்த்திருந்தால்?

பதில்: அந்த வரி அவருடையது. அவர் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகும் 60 ஆண்டு.

ஆத்தூர் தங்கை: பாட்டிக்கு அதெல்லாம் வேண்டாம் அக்கா.

பதில்: பாட்டியைக் கேட்டீர்களா, நீங்களாகச் சொல்கிறீர்களா?

தாரமங்கலம் தம்பி: ஒரு கம்பெனி என் பாட்டுகளை மொத்தமாகக் கேட்கிறது.

பதில்: படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். என் முதல் 6 பாட்டு அப்படித்தான் போனது. ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டுதான், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். அதனால்தான் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்த வரியைத் தேடுங்கள்.

சங்ககிரி தம்பி: நானும் ஒரு ஒப்பந்தம்...

பதில்: மேலே படியுங்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எடப்பாடி தம்பி: சினிமாவில் பாட வழி?

பதில்: ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இருக்கிறது. ஸ்டூடியோ போய்விட்டது. அங்கே நின்று கேட்டுப் பாருங்கள்.

ஆத்தூர் தங்கை: பாட்டியைக் கேட்டேன் அக்கா. பேர் போடச் சொல்கிறார். இன்னும் நாலு பாட்டு இருக்கிறதாம்.

பதில்: இன்றைக்கே பதிவு செய்யுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு.