தேனீ மகரந்தம் பல நிறமாக இருந்தால் கலப்படமா? அதில் ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம் என்பது உண்மையா?

கலப்படம் இல்லை. பல நிறமாக இருப்பதுதான் அதன் இயல்பு. எனக்கு முன்னால் பதில் எழுதிய ஒருவர் "ஒரே மஞ்சளாக இருப்பதை மட்டும் வாங்குங்கள், மற்றதெல்லாம் சாயம்" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

யங்கோனில் தெயிஞ்சி சந்தையில் எங்கள் குடும்பத்துக்கு நாட்டு மருந்துக் கடை. கடுக்காய், திப்பிலி, முகத்தில் அரைத்துப் பூசும் தனக்காக் கட்டையோடு தேனும் மகரந்தமும் உண்டு. ஷான் மலைப் பக்கம் பேயெள் என்ற எண்ணெய் வித்துச் செடி பூக்கும்போது தேனீப் பெட்டி வைப்பவர்களிடம் எடுக்கிறோம். (விற்கிறவள், அதனால்தான் பரிந்து பேசுகிறாள் என்பீர்கள். முழுவதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.)

எங்களிடம் பல வருஷமாக வாங்கும் பெரியவர் ஒருவர், நம்மவர்தான், ஒருநாள் பொட்டலத்தை மேஜையில் போட்டு, "கலர் கலரா இருக்கே, சாயம் போட்டதை எனக்கே விக்கிறியா தங்கச்சி?" என்று சத்தம் போட்டார். சந்து முழுக்க ஆள். என் மாமனார் காலத்திலிருந்து நடக்கிற கடை. கை நடுங்கியது எனக்கு.

ஒரு தட்டில் ஒரு பிடி கொட்டி, நிறம் வாரியாகப் பிரித்து வைத்தேன். "அண்ணே, தேனீ ஒரு தடவை கிளம்பினா பெரும்பாலும் ஒரே வகைப் பூவுக்குத்தான் போகும். அந்தத் தூளைக் கொஞ்சம் தேன் விட்டுப் பிசைஞ்சு பின்னங்காலில் உருட்டிக்கிட்டு வரும். அதனால ஒரு உருண்டை ஒரே நிறம். சூரியகாந்திக்குப் போனது ஆரஞ்சு, மக்காச்சோளத்துக்குப் போனது வெளிர் மஞ்சள். பெட்டி வாசல்ல வச்ச வலையில நுழையும்போது உருண்டை எல்லாம் கழண்டு ஒண்ணா விழும்" என்றேன். தேனீக்கு இந்தப் பழக்கம் இருப்பதை அரிஸ்டாட்டிலே எழுதி வைத்திருக்கிறார். பெரியவர் ஓர் உருண்டையை நகத்தால் நசுக்கிப் பார்த்தார். உள்ளும் புறமும் ஒரே நிறம். பேசாமல் எடுத்துக்கொண்டு போனார். கத்தியது சந்துக்கே கேட்டது, சமாதானமானது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

சரி, ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள். மஞ்சளும் ஆரஞ்சும் பெரும்பாலும் கரோட்டினாய்டு (காரட்டில் இருக்கும் நிறமி வகை) தருவது. குவர்செடின், கேம்ப்ஃபெரால் போன்ற ஃபிளவனால்கள் என்ற செடிச் சேர்மங்கள் வெளிறிய உருண்டையிலும் தாராளமாக இருக்கலாம், நிறத்தை வைத்து அதை எடை போட முடியாது. ஸ்பெர்மிடின் என்ற பொருளோடு பிணைந்த ஃபீனால் சேர்மங்களும் உண்டு. செடி இவற்றை நமக்காகச் செய்து வைக்கவில்லை. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து மகரந்தத்தைக் காப்பது இவற்றின் வேலைகளில் ஒன்று. மக்காச்சோளத்திலும் பெட்டூனியாவிலும் ஃபிளவனால் இல்லாத மகரந்தம் சரியாக முளைக்காது என்று கண்டிருக்கிறார்கள். எந்தப் பூ என்பதைப் பொறுத்து அளவு மாறும். எனவே "எங்கள் மகரந்தத்தில் இவ்வளவு" என்று பொட்டலத்தில் அச்சடித்த எண், அந்த மூட்டையைத் தாண்டிப் பொருந்தினால் அதிசயம்.

அந்த எண்ணே சோதனைக் குழாய்க்குள் அளந்ததுதான். டிபிபிஎச் என்ற ஊதா நிறக் கரைசலில் மகரந்தச் சாற்றை விட்டு, நிறம் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்ப்பார்கள். நம் உடம்பு அந்தக் குழாய் இல்லை. மகரந்தத்தின் ஓடு ஸ்போரோபொலினின் என்ற பொருள், லேசில் செரிக்காது. செரித்து உள்ளே போகிற குவர்செடினையும் குடலும் ஈரலும் மாற்றிவிடும். அமெரிக்க வேளாண் துறை, உணவுகளின் ஓராக் எண்களை (இதுவும் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைக் குழாயில் அளக்கும் அளவுதான்) தொகுத்து வைத்திருந்த அட்டவணையை 2012-இல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. குழாயில் வரும் எண்ணுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்பதுதான் காரணம். விற்கிற நானே இதைச் சொல்கிறேன். புரதமும் நல்ல சேர்மங்களும் உள்ள சாப்பாடு அது, மருந்து இல்லை. வீட்டில் வயதானவருக்கு வாங்குவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். தயவுசெய்து சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் தரவே வேண்டாம். ஆஸ்துமா, மகரந்த ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு கரண்டியிலேயே தொண்டை வீங்கி உயிருக்கு ஆபத்தாகலாம்.

புதிதாக எடுத்த மகரந்தத்தில் 20 முதல் 30 சதவீதம் தண்ணீர் இருக்கும், விட்டால் பூஞ்சை பிடிக்கும். 40 டிகிரிக்கு மேல் போகாமல் நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் பாய் விரித்துக் காய வைத்தால் கரோட்டினாய்டு போய்விடும். அப்படி வெளுத்த சரக்கைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார், என் வீட்டுக்காரர் வாங்க மறுத்துவிட்டார். பிரிட்ஜில் வைப்பது நல்லது. இங்கே கரண்ட் வருவதும் போவதுமாக இருப்பதால் நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தளத்தில் நான் எதை எழுதினாலும், "பர்மாவில் இன்னும் தமிழர் இருக்கிறீர்களா?" என்று யாராவது கேட்கிறார்கள். இருக்கிறோம். 1964-இல் கடைகளை நாட்டுடைமை ஆக்கியபோது லட்சக்கணக்கானவர் ஊர் திரும்பினார்கள், எங்கள் தாத்தா போகவில்லை. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறோம், பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறோம். மகரந்தத்தைப் பற்றிக் கேட்டால் மகரந்தத்தைப் பற்றிப் பேசுங்கள்.

இந்தியாவுக்கு அனுப்ப மாட்டேன், வழியில் ஈரம் கோத்துவிடும். உங்கள் ஊரிலேயே தேனீ வளர்ப்பவரைப் பிடித்து, பெட்டி எங்கே இருந்தது, அப்போது என்ன பூத்தது, எதில் உலர்த்தினார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.