அந்த வளவில் ஒரு நாய்

அன்பின் ஐயா,

யாழ்ப்பாணத்தில் ஒரு நிறுவனத்தில் தரவுப் பகுப்பாய்வாளராக இருக்கிறேன். எஸ்கியூஎல், பைதான், பவர் பிஐ என்று தரவுக்கான கணினிக் கருவிகள் எல்லாம் நன்றாகவே வரும். ஆனால் என் அறிக்கைகளை ஒருவரும் வாசிப்பதில்லை. எனக்குப் பிறகு சேர்ந்தவர் வாய் வல்லமையால் எனக்கு மேலே போய்விட்டார். சொஃப்ட் ஸ்கில், அதாவது ஆட்களோடு பேசிப் பழகும் திறன், வேண்டுமாம். எந்தக் கோர்ஸ் படிக்கலாம்? ஆங்கில உச்சரிப்பும் எனக்குச் சரியில்லை.

த., கோண்டாவில்

அன்பின் த.,

கோர்ஸ் வேண்டாம், காசைக் கையில் வைத்திருங்கள். உச்சரிப்பையும் விடுங்கள். ‘வாய் வல்லமை’ என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கணக்குச் சரியென்றால் ஊர் தானாக வந்து கும்பிடும் என்ற நினைப்பு அது. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்க்கிறவர்களைக் குளோரின் கரைசலில் கைகழுவ வைத்து, நூற்றுக்கு 18 ஆக இருந்த தாய்மார் சாவை இரண்டே மாதத்தில் 2 அளவுக்கு இறக்கினார். ஆனால் அதைப் புத்தகமாக எழுதியது 1861இல்தான். ஏற்காதவர்களைப் பகிரங்கக் கடிதங்களில் கொலைகாரர் என்று திட்டினார். 1865இல் மனநல விடுதியில் செத்துப்போனார், பாவம்.

சரி, பேச்சை விடுங்கள், கேட்கத் தெரியுமா? எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிக் கிணறுகளின் உப்பளவைப் பதிகிற ஓர் அலுவலகத்தில் அப்போது இருந்தேன். ஒரு கிணற்றில் மட்டும், சொட்டு மழையில்லாத ஆடியிலும் ஆவணியிலும், உப்புச் சட்டென்று இறங்கியிருந்தது. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளே எங்கிருந்தோ நல்ல தண்ணீர் ஓடிவருகிறது என்று ஒரு கதை கட்டி, ஐந்து வர்ணத்தில் வரைபடம் போட்டு, பெரியவர்கள் முன்னால் வாசித்தும் விட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது, தண்ணீர் அள்ளிவருகிற பிள்ளையிடம் சும்மா கேட்டேன்.

“அது சேர், அந்த வளவில நாய் ஒண்டு வாங்கி விட்டிட்டினம். நான் பக்கத்து வீட்டுக் கிணத்தில அள்ளினனான்.”

“ஏன் பிள்ளை சொல்லேல்ல?”

“ஒருத்தரும் கேக்கேல்லையே.”

உங்கள் அட்டவணையில் ஒரு கிழமை வெறுமையாய்க் கிடந்தால் சராசரியைப் போட்டு நிரப்பிவிடுவீர்கள்தானே? அதைப் பதிகிறவரின் பெயராவது தெரியுமா? அறிக்கையை வாசிக்காத மேலாளர் எந்த முடிவை எடுக்கமுடியாமல் முழிக்கிறார் என்று ஒருநாளாவது கேட்டீர்களா? கடிதத்தை இரண்டுதரம் வாசித்தேன், அப்படி ஒரு வரியும் இல்லை. கோபிக்காதேங்கோ தங்கச்சி, எனக்கு நானே ஏசுவதும் இதில் பாதி.

அடுத்த கிழமை போத்தலும் கயிறுமாக அந்தக் கிணற்றுக்கு நானே போனேன். படலையைத் தாண்டவில்லை. நாய் உண்மைதான்.